சஸ்பென்ஷன் வேலைக்கு எந்தக் கருவி? எதில் சிக்கனம், எதில் கூடாது

காரில் செய்யும் மற்ற வேலைகளோடு சஸ்பென்ஷன் வேலையைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. ஆயில் மாற்றும்போது மட்டமான ஸ்பேனர் வழுக்கினால் நட்டின் மூலை மழுங்கும், விரல் முட்டி உரியும், அதோடு போகும். சஸ்பென்ஷனில் ஒரு கருவி கைவிட்டால், அதுவரை அது பிடித்துவைத்திருந்த விசை முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் வெளியே வருகிறது. அந்த நேரத்தில் எதிரே இருப்பது சுவரா, கையா, முகமா என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் அந்த எதிரிடத்தில் பெரும்பாலும் நிற்பது வேலை பழக வந்த பையன். "நீ கெட்டியாப் பிடிச்சுக்கோ, நான் நட்டைக் கழட்டுறேன்" என்று சொல்வது அவனிடம்தான். இந்த வழிகாட்டி முதலில் அவனுக்காக. அடுத்தது, வீட்டு வாசலில் தன் காரைத் தானே கழற்றிப் பார்க்கும் ஆர்வமுள்ளவருக்காக. மூன்றாவது, பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் உரிமையாளருக்காக.

ஒரே கேள்வி, மூன்று பதில்

எல்லாக் கருவியையும் உயர்ந்த விலையில் வாங்கச் சிறிய பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. அது தேவையும் இல்லை. எதை வாங்கும்போதும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது இந்தக் கருவி உடைந்தால் என்ன ஆகும்?

"ஆள் அடிபடுவார்" என்பது பதிலானால் அது முதல் வகை. ஸ்பிரிங் கம்ப்ரஸரும் ஜாக் ஸ்டாண்டும் இதில் வரும். "வேலை முடிந்ததுபோலத் தெரியும், ஆனால் வண்டி சாலையில் போகும்போது பிரச்சினை வரும்" என்பது இரண்டாம் வகை. டார்க் ரெஞ்ச், பால் ஜாயிண்ட் புல்லர், புஷ் ஏற்றும் பிரஸ் எல்லாம் இந்தக் கூட்டம். "வேலை நின்றுபோகும், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்பது மூன்றாம் வகை. மலிவுப் பொருளுக்கு இடம் இந்த மூன்றாம் வகையில்தான்.

ஸ்பிரிங்குக்குள் எவ்வளவு விசை இருக்கிறது?

அம்பாசடரின் முன்பக்கத்தில் டார்ஷன் பார், பின்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங் பட்டை. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளுக்குக் கைவந்த வேலை அது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்த மெக்பர்சன் ஸ்ட்ரட் ஊர் ஊராகப் பரவியது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பர்சன் 1940-களின் இறுதியில் உருவாக்கிய அமைப்பு இது. இன்று ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ என்று நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்களின் முன்சக்கரங்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஸ்பிரிங்கின் கீழ்முனை ஷாக் அப்சார்பர் உடம்பில் உள்ள தட்டில் உட்காரும். மேல்முனை மவுண்டிங்கை முட்டி நிற்கும். மவுண்டிங் பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக்கின் நடுக்கம்பியில் முறுக்கிய ஒரே ஒரு நட்டு. ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில்தான் இருக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் அமுக்கி, மவுண்டிங்கின் மேல் உள்ள பாரத்தை எடுத்த பிறகே அந்த நட்டைத் தொட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய காரின் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 150 மி.மீ. அமுக்கினால் அது திருப்பித் தள்ளும் விசை 300 கிலோ. அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல், 10 கிலோ எடைக்கல் இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழும்போது தரும் அடிக்குச் சமம். எஸ்யூவி வண்டிகளின் ஸ்பிரிங் இதைவிட முறுக்கானது, அடியும் அதற்கேற்பக் கூடும்.

மலிவான கம்ப்ரஸர் எங்கே கைவிடுகிறது?

சந்தையில் அதிகம் விற்பது இரட்டை ராட் கம்ப்ரஸர். மரை போட்ட இரண்டு ராடு, ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் ஒரு கொக்கி. ஸ்பிரிங்கின் இரு பக்கமும் மாட்டி ராடைத் திருகினால் கொக்கிகள் நெருங்கி ஸ்பிரிங் அமுங்கும்.

"முந்நூறு கிலோ விசைக்கு இரண்டு ராடு, ஆளுக்கு நூற்றைம்பது. இதைக்கூடவா தாங்காது?" என்று கேட்கலாம். நேராக இழுத்தால் மட்டமான இரும்பு ராடும் இதைப்போலப் பல மடங்கு தாங்கும். ஆனால் விசை இங்கே நேராக வருவதில்லை. கொக்கி, ராடின் மையத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதனால் ராடு இழுபடுவதோடு வளையவும் பார்க்கிறது. கொக்கியின் வாய் விரிகிறது. ஸ்பிரிங்கின் சுற்று சாய்வாக ஓடுவதால், அமுங்க அமுங்கக் கொக்கி அந்தச் சாய்வில் மெல்ல நகர்கிறது. ஒரு கொக்கி நகர்ந்ததும் பாரம் மொத்தமும் மற்றதின் மேல் ஏறுகிறது. ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளைந்து, பிடி நழுவும் பக்கம் நோக்கிப் பாய்கிறது.

அடுத்தது மரை. நல்ல கம்ப்ரஸரில் மரை அகலமாக, சதுரத்தை ஒட்டிய வடிவில் இருக்கும். மலிவானதில் சாதாரண போல்ட்டில் உள்ள கூர்மையான மரையே இருக்கும். நட்டும் மெலிதாக இருக்கும். கிரீஸ் இல்லாமல் திருகினால், அதுவும் ஏர் கன் என்று பட்டறையில் சொல்லும் இம்பாக்ட் ரெஞ்சால் திருகினால், உரசலில் சூடேறி மரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் முழுதாக அமுங்கிய நிலையில் ராடு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. அப்போது எப்படிக் கழற்றினாலும் ஆபத்துதான். இரும்பின் தரம் குறைந்ததால் உடையும் கம்ப்ரஸர்களும் உண்டு. ஆனால் கொக்கி நழுவுவதும் மரை பிடித்துக்கொள்வதும் அதற்கு முன்பே ஆளை மாட்டிவிடும்.

ஸ்பிரிங்கை அமுக்க ஆறு வழிகள்

ஒன்று, கயிறு, சங்கிலி, கட்டுக்கம்பி. ஸ்பிரிங்கைக் கட்டி வைத்து நட்டைக் கழற்றி, பிறகு கட்டை அவிழ்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. விசையை மெதுவாக இறக்க இதில் வழியே இல்லை. அறுத்தால் ஒரே அடியாக வெளியே வரும். எவ்வளவு அனுபவசாலி செய்தாலும் இது வேண்டாம்.

இரண்டு, பூட்டில்லாத ஒற்றைக் கொக்கி கம்ப்ரஸர். விலை மிகக் குறைவு. இணையத்தில் அதிகம் கண்ணில் படுவதும் இதுதான். ஒவ்வொரு முனையிலும் ஒரே கொக்கி, வாயை மூடும் பின் கிடையாது. மேலே சொன்ன எல்லாக் குறையும் சேர்ந்து இருப்பது இதில்தான். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம், ஓசியில் வந்தாலும் பயன்படுத்த வேண்டாம்.

மூன்று, இரட்டை நகமும் பாதுகாப்புப் பின்னும் உள்ள கம்ப்ரஸர். ஒவ்வொரு முனையிலும் இரண்டு நகங்கள் ஸ்பிரிங் சுற்றை அகலமாகப் பிடிக்கும். நகத்தின் வாயை ஒரு பின் குறுக்கே பூட்டும். உலையில் அடித்து வடித்த நகம், தடித்த நட்டு, அகல மரை, தாங்கும் எடை உலோகத்திலேயே பொறித்திருப்பது என நான்கும் இருந்தால் சிறிய காருக்கு ஏற்றுக்கொள்ளலாம். எப்போதாவது ஒரு முறை வேலை செய்பவருக்கு இதுவே அடிமட்டம். இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

நான்கு, நடு ஸ்குரூ கம்ப்ரஸர். ஸ்பிரிங்கின் சுற்றுக்கு ஏற்ற இரண்டு வளைந்த தட்டுகள், அவற்றை இழுக்கும் ஒரே ஸ்குரூ. பழைய மெர்சிடிஸ் போன்ற கார்களில் ஸ்ட்ரட்டிலிருந்து விலகி, லோயர் ஆர்ம் மேல் தனியாக உட்காரும் ஸ்பிரிங்கைக் கழற்ற இதுதான் முறையான கருவி. விசை மையத்திலேயே இருப்பதால் வளைவு குறைவு. ஆனால் தட்டின் அளவு ஸ்பிரிங்குக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். நல்லது விலை அதிகம். இதன் மலிவு நகலோ இரட்டை ராட் கம்ப்ரஸரைவிட மோசம், ஏனென்றால் உடைந்தால் தாங்க இன்னொரு ராடு கிடையாது.

ஐந்து, சுவரிலோ தரையிலோ பதித்த கம்ப்ரஸர். கையால் சுழற்றுவது, ஹைட்ராலிக், காற்றழுத்தம் என மூன்று விதமாக வரும். ஸ்பிரிங்கை வளைந்த தாடைகள் அகலமாகப் பிடிக்கும். சட்டம் நேராக அமுக்கும். முன்பக்கம் கம்பிக்கூண்டு இருக்கும். வேலை செய்பவரின் கை இரண்டும் ஸ்பிரிங்கிலிருந்து தள்ளியே இருக்கும். வாரத்துக்கு இரண்டு ஸ்ட்ரட்டுக்கு மேல் கழற்றும் எந்தப் பட்டறைக்கும் இதுதான் சரி. முன்பக்கக் கூண்டும் தாடைப் பூட்டும் இல்லாத மலிவு மாடல்களை மட்டும் தவிர்க்கவும்.

ஆறு, கம்ப்ரஸரே வாங்காமல் முடிப்பது. சில கார்களுக்கு ஸ்பிரிங், மவுண்டிங், ஷாக் மூன்றும் கோத்த முழு ஸ்ட்ரட் கிடைக்கும். எல்லாக் காருக்கும் கிடைக்காது, விலையும் கூடும். இன்னொரு வழி இன்னும் எளிது. வீட்டில் நீங்கள் ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றுங்கள். நடு நட்டைத் தொடாமல் அப்படியே சாக்கில் போட்டு, பதித்த கம்ப்ரஸர் வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். ஸ்பிரிங் மாற்றும் கூலியை மட்டும் கொடுத்து வாங்கி வந்து மாட்டிக்கொள்ளுங்கள். தானே வேலை செய்ய விரும்புபவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஆபத்தான அந்தச் சில நிமிடங்களைச் சரியான இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, மீதி வேலையின் மகிழ்ச்சியை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

ஜாக்கும் ஸ்டாண்டும்

காரோடு கொடுக்கும் கத்தரி ஜாக், பஞ்சரான சக்கரத்தை மாற்றி வீடு வந்து சேர மட்டும். பாட்டில் ஜாக் தூக்கும் உயரம் அதிகம், அடிப்பாகம் குறுகல். பக்கவாட்டில் தள்ளினால் சாயும். தாழ்வான டிராலி ஜாக் அகன்று நிற்பதால் சஸ்பென்ஷன் வேலைக்கு ஏற்றது. ஆனால் எந்த ஹைட்ராலிக் ஜாக்கும் தூக்குவதற்கே. உள்ளே ஒரு சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து கார் இறங்கிவிடும். தூக்கிய காரைத் தாங்குவது ஸ்டாண்டின் வேலை.

சஸ்பென்ஷன் வேலையில் நட்டை நெம்புகிறோம், லோயர் ஆர்மைக் கம்பியால் கீழே அமுக்குகிறோம், சுத்தியலால் தட்டுகிறோம். ஒவ்வொரு தட்டும் காரை அசைக்கிறது. செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ இந்த அசைவில் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இரும்பு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், கல் வளையாமலே உடையும்.

ஸ்டாண்டில் இரண்டு வகை. பல் வைத்த ராட்செட் வகையில் உயரத்தை விரைவாக மாற்றலாம். துளையில் பின் செருகும் வகை மெதுவானது, ஆனால் அமைப்பு எளிமை, கண்ணால் பார்த்தே பூட்டியதா என்று உறுதி செய்யலாம். விலை குறைவாக வாங்குவதானால் பின் வகையையே வாங்குங்கள். ராட்செட் வகையில் தயாரிப்புக் குறை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு 2020-ஆம் ஆண்டு ஒரு சாட்சி. அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் பல்லும் பூட்டும் முழுதாகப் பொருந்தாமல் திடீரென இறங்கக்கூடும் என்று மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள். அதற்கு மாற்றாகக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டுகளிலும் வெல்டிங் குறை இருந்ததால் ஜூலையில் அவற்றையும் திரும்பப் பெற வேண்டி வந்தது. அந்த நாட்டில் திரும்பப் பெறும் ஏற்பாடு இருக்கிறது. சந்தில் வாங்கிய பெயரில்லாத ஸ்டாண்டை யார் திரும்பப் பெறுவார்கள்?

ஸ்டாண்டின் மேல் எழுதியிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். ஜோடிக்குச் சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு. சிறிய கார்தானே என்று அளவைக் குறைக்காமல் ஜோடிக்கு 3 டன்னாவது வாங்குங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைப்பது செலவில்லாத இரண்டாம் காப்பு.

சாக்கெட்டும் ஸ்பேனரும்

சஸ்பென்ஷன் போல்ட்டுகள் மழையிலும் சேற்றிலும் ஊறித் துருவேறியவை. கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். மட்டமான ஸ்பேனரின் வாய் இந்த இறுக்கத்தில் விரியும், மூலை மழுங்கும், கை வழுக்கி ஃபெண்டர் விளிம்பில் மோதும். இங்கே ஆறு மூலை சாக்கெட்டே வேண்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் துரு போல்ட்டில் எளிதாக வழுக்கும். முழு செட் வாங்கப் பணமில்லை என்றால், உங்கள் காரின் சஸ்பென்ஷனில் வரும் அளவுகளை மட்டும் நல்ல தரத்தில் தனித்தனியாக வாங்குங்கள். பல கார்களுக்கு 14, 17, 19 எனச் சில அளவுகளிலேயே வேலை முடிந்துவிடும்.

பளபளப்பான குரோம் வனேடியம் சாக்கெட் கைக்கு மட்டும். ஏர் கன்னில் போட்டால் வெடித்துச் சிதறும், அதன் சில்லு கண்ணுக்குத்தான் முதலில் போகும். ஏர் கன்னுக்கென்று கறுப்பு நிறத்தில், தடித்த சுவரோடு வரும் குரோம் மாலிப்டினம் சாக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும்.

ஷாக்கின் நடுக்கம்பி சுற்றாமல் இருக்க அதை வைஸ் கிரிப்பாலோ கொறடாலோ பிடிப்பது பரவலான பழக்கம். கம்பியின் குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது ஒவ்வொரு குலுக்கலிலும் ஆயில் சீலைக் கிழிக்கும். புது ஷாக் சில மாதங்களில் எண்ணெய் கக்கும். கம்பியின் உச்சியில் ஆலன் கீ போடும் துளையோ தட்டையான வெட்டோ இருக்கும். அதைப் பிடித்து நட்டைத் திருக நடுத்துளை உள்ள சாக்கெட் கிடைக்கிறது. விலை சொற்பம். ஒரு ஷாக்கைக் காப்பாற்றினாலே போட்ட காசு திரும்பிவிடும்.

டார்க் ரெஞ்ச்

இரண்டாம் வகையில் முதலிடம் இதற்கு. இறுக்கம் குறைந்தால் போல்ட்டு தளரும். அளவுக்கு மீறினால் போல்ட்டு இழுபட்டு, பிறகொரு நாள் சாலையில் அறுபடும். "கை அளவு தெரியும்" என்று சொல்லும் மூத்த மெக்கானிக்கின் கையும் காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவுமாகத்தான் இறுக்கும்.

கிளிக் வகை டார்க் ரெஞ்ச் சொன்ன அளவில் 4 சதவீதத்துக்கு மேல் தவறக் கூடாது என்கிறது ஐஎஸ்ஓ 6789 தரநிலை. 12 மாதத்துக்கு ஒரு முறையோ 5,000 இறுக்கலுக்கு ஒரு முறையோ சரிபார்க்கவும் அது சொல்கிறது. சரிபார்ப்புச் சான்றிதழ் இல்லாமல் வரும் மலிவு கிளிக் ரெஞ்ச் தவறான இடத்தில் கிளிக் கொடுத்து, சரியாக இறுக்கிவிட்டோம் என்ற பொய் நம்பிக்கையைத் தரும். சிக்கனமாக வாங்க விரும்புபவருக்கு முள் காட்டும் பழைய வகை டார்க் ரெஞ்ச் நல்லது. அதில் வளையும் கம்பியும் அளவுத் தகடும் தவிர உள்ளே கெட்டுப்போக ஒன்றுமில்லை. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். குறைந்த விலையிலும் நம்பக்கூடிய கருவி என்று நான் தயங்காமல் சொல்வது இதை.

எந்த வகையானாலும் அரை அங்குல டிரைவில், சுமார் 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளப்பதாக வாங்கினால் சிறிய கார்களின் சஸ்பென்ஷன் வேலை பெரும்பாலும் அடங்கிவிடும். கழற்றுவதற்கு டார்க் ரெஞ்சைப் பயன்படுத்த வேண்டாம். கிளிக் வகையை எடுத்து வைக்கும்போது அதன் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள்.

பால் ஜாயிண்ட்டும் புஷ்ஷும்

பால் ஜாயிண்ட்டைப் பிரிக்க மலிவாகக் கிடைப்பது முள்கரண்டிபோல இரு பல் கொண்ட ஆப்பு. இடையில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் ஜாயிண்ட் பிரியும், கூடவே அதன் ரப்பர் உறையும் கிழியும். எப்படியும் ஜாயிண்ட்டை மாற்றப்போகிறோம் என்றால் பரவாயில்லை. அதே ஜாயிண்ட்டைத் திரும்ப மாட்டுவதாக இருந்தால் ஸ்குரூ வைத்த புல்லர் வேண்டும். புல்லர் இல்லாதபோது நம் மூத்த மெக்கானிக்குகளின் முறை ஒன்று உண்டு. நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டுவைத்து, ஜாயிண்ட் மாட்டியிருக்கும் நக்கிளின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டை கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் அதிர அடிப்பார்கள். கூம்பு விடுபட்டு ஜாயிண்ட் கீழே இறங்கும். மட்டமான புல்லரைவிட இது மேல்.

லோயர் ஆர்ம் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் ரப்பரைச் சுற்றியுள்ள இரும்புக் கூடு கோணும், ஆர்மின் ஓட்டையும் கெடும். பிரஸ் வாங்கத் தேவையில்லை. பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்தால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நிமிடங்களில் ஏற்றித் தருவார்கள். மாட்டிய பிறகு புஷ்ஷின் போல்ட்டை, கார் தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும் நிலையில் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

எங்கே சிக்கனம் பிடிக்கலாம்?

கம்பி பிரஷ், நட்டு போட்டு வைக்கும் காந்தத் தட்டு, கிரீஸ் கன், கையுறை, படுத்து நகரும் பலகை, ஒர்க் லைட், துரு இளக்கும் எண்ணெய் எல்லாம் கையில் இருக்கும் காசுக்கு வாங்கலாம். துரு எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்து வைத்தால் மறுநாள் போல்ட்டு பாதி இளகியிருக்கும். பைப் மாட்டி நெம்ப வேண்டியது குறையும். பாதுகாப்புக் கண்ணாடியும் விலை குறைவுதான். ஆனால் அது முதல் வகைப் பொருள். கண்ணாடி இல்லாமல் சஸ்பென்ஷனைத் தொடாதீர்கள்.

கடையில் பார்த்து வாங்கும் முறை

படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவதைவிடக் கடைக்கே போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். சென்னை பிராட்வேயிலும் ஜி.பி. ரோட்டிலும் மட்டுமின்றி, மாவட்டத் தலைநகர்களிலும் பிரித்துக் காட்டும் கடைகள் இருக்கின்றன. கம்ப்ரஸரின் கொக்கி வளைவின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். குமிழ் ஓட்டை, சொரசொரப்பு தெரிந்தால் அது வார்ப்பு, உலையில் அடித்ததல்ல. கொக்கியை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தால் வைத்துவிடுங்கள். நட்டை ராடில் ஏற்றி ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் மரை லூஸ். ராடைக் கண்ணாடி மேசைமேல் உருட்டினால் வளைவு உடனே தெரியும். தாங்கும் எடை ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுக்கும் கடையில் இந்த வகைக் கருவியை வாங்காதீர்கள்.

புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கருவி வாங்கலாமா? பழைய ஸ்பேனரும் சாக்கெட்டும் தாராளமாக வாங்கலாம். அந்தக் காலத்து இரும்பு நன்றாகவே இருக்கும். பழைய கம்ப்ரஸரும் ஸ்டாண்டும் வேண்டாம். உள்ளே விரிசல் விட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது.

வேலை நேரத்தில் மாறாத விதிகள்

நல்ல கருவியும் தவறாகப் பயன்படுத்தினால் மலிவுக் கருவிதான். மரைக்கு ஒவ்வொரு முறையும் கிரீஸ் போடுங்கள். இரண்டு ராடும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கட்டும். ஒன்றைச் சில சுற்று, மற்றதைச் சில சுற்று என்று மாற்றி மாற்றிக் கையால் மட்டும் திருகுங்கள். மவுண்டிங் லேசாக ஆடத் தொடங்கியதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் அமுக்கத் தேவையில்லை. ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு தடித்த பெல்ட்டைத் தளர்வாகக் கட்டி வைத்தால் நழுவினாலும் தூரம் போகாது. முகமும் மார்பும் நடுக்கம்பியின் நேருக்கு ஒருபோதும் வரக் கூடாது. அருகில் வேறு யாரும் நிற்கக் கூடாது. அமுக்கிய ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம்.

கொக்கி பட்டு ஸ்பிரிங்கின் பெயின்ட் உரிந்தால் அந்த இடத்தில் துரு பிடித்து, பின்னொரு நாள் ஸ்பிரிங் அங்கேயே உடையும். கொக்கிக்கு அடியில் ரப்பர் வைத்த கருவியையே தேர்ந்தெடுங்கள். ஸ்பிரிங்கையோ கேஸ் நிரப்பிய ஷாக்கையோ கேஸ் கட்டர் கொண்டு வெட்டவோ சூடேற்றவோ கூடாது. ஸ்பிரிங்கின் பதம் கெடும், ஷாக் வெடிக்கும்.

பைக் வைத்திருப்பவருக்கு ஒரு சொல். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கைக் காலால் மிதித்து அமுக்கிக் கழற்றும் வேலை வேண்டாம். ஷாக் போனால் ஜோடியாக முழு யூனிட்டை மாற்றுவதே நல்லது. முன் ஃபோர்க்கின் மூடியைக் கழற்றும்போதும் உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பட்டறையில் வண்டி விடுபவர் கேட்க வேண்டியவை

"அண்ணே, ஸ்பிரிங் கழட்ட என்ன கம்ப்ரஸர் வச்சிருக்கீங்க, ஒரு தடவை பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் பெருமையாகக் காட்டுவார். கார் ஸ்டாண்டில் நிற்கிறதா, கல்லில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய லாக் நட்டுகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஷாக் கம்பியில் வைஸ் கிரிப் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். நல்ல கருவியோடு நிதானமாகச் செய்பவர் கொஞ்சம் கூடுதல் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். நாம் குறைக்கும் கூலிதான் பட்டறையில் கயிறாகவும் கட்டுக்கம்பியாகவும் மாறுகிறது.

முடிவாக

ஆண்டுக்கு ஒரு முறை வேலை செய்பவர் கம்ப்ரஸர் வாங்க வேண்டாம். ஸ்ட்ரட்டை எடுத்துப்போய்ப் பட்டறையில் கொடுத்து வாங்குங்கள். அடிக்கடி செய்பவர் பூட்டுள்ள இரட்டை நகக் கம்ப்ரஸரும், ஒரு ஜோடி பின் வகை ஸ்டாண்டும், முள் காட்டும் டார்க் ரெஞ்சும் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறை வைத்திருப்பவர் பதித்த கம்ப்ரஸரை வாங்குங்கள். தனியாக முடியாவிட்டால் அதே தெருவில் இருக்கும் மூன்று பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவில் வையுங்கள். அது வரும்வரை காத்திராமல், பூட்டில்லாத கொக்கிக் கம்ப்ரஸர் உங்கள் பட்டறையில் இருந்தால் இன்றைக்கே அதை அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள். விற்றால் அது இன்னொரு பையன் கைக்குத்தான் போய்ச் சேரும்.